வினாவும் விடையும்: திரையில் எழும் ஒரு சிறு பெட்டி

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஒருவர் மற்றொருவரின் வீட்டுக்குச் செல்லும் முறையிலே ஓர் ஒழுங்கு உண்டு. வருபவர் படலையடியில் நின்று குரல் கொடுப்பார். உள்ளிருப்பவர் தம் கைவேலையை ஒதுக்கிவிட்டு வந்து, வந்தவர் யார், வந்த காரியம் யாது என அறிந்த பின்னரே படலை திறக்கப்படும். சங்கடப்படலை அமைந்த பழைய வீடுகளிலே வந்தவர் சற்று இளைப்பாறுதற்கும் இடமிருந்தது. கேட்க வந்தவரே காத்திருப்பார். கேட்கப்படுபவர் தமக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்வார். பருத்தித்துறை வீதியிலே நீர்வேலியையும் சிறுப்பிட்டியையும் கடந்து வரும் புத்தூரில், செம்மண் தோட்டங்களுக்கும் பனங்கூடல்களுக்கும் இடையே, இவ்வொழுங்கு இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை.

இதற்கு நேர்மாறானதொரு வழக்கம் இன்று அதே வீடுகளின் உள்ளே புகுந்துள்ளது. கைத்தொலைபேசியிலோ கணினியிலோ ஒருவர் ஒரு வலைச்செயலியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கையில், திரையின் நடுவே திடீரென ஒரு சிறு பெட்டி எழுகின்றது. பின்னாலுள்ள பக்கம் மங்குகின்றது. பெட்டி ஏதோவொன்றைக் கேட்கின்றது. விடை கூறும்வரை வேறெதனையும் செய்யவிடாது வழிமறித்து நிற்கின்றது. கணினித் துறையினர் இதனை உரையாடற்பெட்டி என்பர். உரையாடல் என்பது இருவர் பேசுவது. இங்கோ ஒருபுறம் மட்டுமே பேசுகின்றது. மறுபுறத்துக்கு இரண்டு பொத்தான்கள் மட்டுமே வழங்கப்படுகின்றன. பெயருக்கும் பொருளுக்கும் இடையே உள்ள இவ்விடைவெளி அற்பமானதன்று என்பதை, புத்தூரில் நிகழ்ந்த ஒரு சிறு முயற்சியை முன்வைத்து நோக்கலாம்.

வலைப்பக்கங்களில் இத்தகைய பெட்டிகள் தோன்றிய வரலாறு குறுகியது. 1995ஆம் ஆண்டு நெற்ஸ்கேப் நிறுவனத்துக்காகப் பிறெண்டன் ஐக் என்பவர் பத்து நாட்களில் முதல் வடிவத்தை அமைத்துக் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ற் மொழி, தொடக்கத்திலேயே மூன்று வகைப் பெட்டிகளைக் கொண்டிருந்தது. ஒன்று செய்தியை அறிவிப்பது. மற்றொன்று ஒப்புதலை வேண்டுவது. பிறிதொன்று ஒரு சொல்லையோ எண்ணையோ எழுதித் தருமாறு கேட்பது. இம்மூன்றுக்கும் பொதுவான ஒரு குறைபாடு உண்டு. பெட்டியினுள் வரும் செய்தியை மட்டுமே செயலியை ஆக்குபவர் எழுதலாம். பொத்தான்களின் சொற்களும் பெட்டியின் தோற்றமும் உலாவியின் ஆட்சிக்கு உட்பட்டவை. ஆதலின் உலாவி ஆங்கிலத்தில் அமைந்திருப்பின், வினா தமிழிலும் விடை ஆங்கிலத்திலுமாகப் பெட்டி எழும். வினவப்பட்டவர் தம் மொழியிலே கேட்டு, தமக்கு விளங்காத மொழியிலே ஒப்புதல் அளிக்க வேண்டியவராகின்றார்.

புத்தூரிலே எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி வாழ்கின்றார். தமிழ் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். ஒரு முறை அவர் ஏதோவொரு நிறுவனத்தின் வலைப்பக்கத்திலே நீண்டதொரு விண்ணப்பத்தை ஒரு மணி நேரமாக எழுத்தெழுத்தாகத் தட்டி நிரப்பினார். முடிவிலே கை தவறுதலாகப் பின்செல்லும் பொத்தானில் பட, ஆங்கிலப் பெட்டியொன்று எழுந்தது. பக்கத்தை விட்டு வெளியேறுவதா, அங்கேயே இருப்பதா என்பதே அதன் கேள்வி. இரண்டிலொன்றை அவர் அழுத்தினார். எழுதிய யாவும் அழிந்தன. மறுநாள் அவர் பேருந்தேறி யாழ்ப்பாண நகருக்குச் சென்று, கடதாசியிலே அதே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். இழந்தது ஒரு பகற்பொழுது மட்டுமே. ஆயின், நாற்பது ஆண்டுகள் பிறருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த ஒருவர், ஒரு வரியை வாசிக்க இயலாமையால் தலைகுனிந்து நின்ற அந்தக் கணத்தின் இழப்பை அளப்பதற்கு அளவுகோல் இல்லை.

அதே ஊரைச் சேர்ந்த கணினிப் பட்டதாரியொருவர், சிக்கனமும் கடனும் பேணும் ஒரு சிறு சங்கத்துக்கென வலைச்செயலியொன்றை ஆக்கிக்கொண்டிருந்தார். உறுப்பினர் தம் சேமிப்பைப் பார்ப்பதற்கும் கடனுக்கு விண்ணப்பிப்பதற்கும் அது உதவும். அதிலே எழும் பெட்டிகளைச் சங்கத்தின் தேவைக்கேற்ப மாற்றியமைக்கத்தக்கனவாக ஆக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். முதல் வடிவத்தை அவ்வாசிரியையிடம் காட்டினார். கடன் விண்ணப்பத்தை அனுப்புவதா என்று பெட்டி கேட்டது. கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என இரு பொத்தான்கள். ஆசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, இதிலை ரெண்டு மறுமொழிதானே இருக்கு. நன்னூலிலை எட்டு இருக்கெண்டு உன்ரை அம்மாவுக்கு நான் படிப்பிச்சனான்.”

“எட்டையும் வைச்சா ஒருத்தருக்கும் விளங்காது, ரீச்சர்.”

“எட்டும் வேண்டாம். யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொல்ல ஒரு இடம் விடன்.”

ஆசிரியையின் கூற்று வேடிக்கையாகத் தோன்றினும் ஆழ்ந்த பொருளுடையது. தமிழ் இலக்கணகாரர் வினாவையும் விடையையும் சொல்லிலக்கணத்தின் இன்றியமையாத பகுதியாகக் கருதினர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே வினாவும் செப்பும் வழுவாது அமைய வேண்டியதை வற்புறுத்துகின்றார். வினாவுக்கு எதிராக எழும் வினாவையும் அவர் விடையாகவே ஏற்றுக்கொள்கின்றார். அச்சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் 1868ஆம் ஆண்டு அச்சிட்டு வெளியிட்ட சி. வை. தாமோதரம்பிள்ளை, புத்தூருக்கு அயலிலுள்ள சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு பிறந்தவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. ஓரெழுத்துப் பிழையும் பொருளைச் சிதைக்கும் என்பதை உணர்ந்து ஏடுகளோடு போராடியவர் அவர்.

நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. திரையில் எழும் பெட்டிகளை இவ்வாறனுள்ளும் அடக்கிக் காட்டலாம் என்பது வியப்பை அளிப்பது. உறுப்பினரின் முகவரி யாது எனப் பெட்டி கேட்பின் அது அறியாவினா. கடவுச்சொல்லைக் கேட்பின், விடையைச் சரிபார்க்கும் ஆற்றலைத் தன்னிடத்தே வைத்துக்கொண்டு பிறரைச் சோதிப்பதாகலின் அறிவினாவின் பாற்படும். விண்ணப்பத்தை மெய்யாகவே நீக்குவதா எனக் கேட்பது, கைதவறி அழுத்தினாரோ என எழும் ஐயவினா. இருப்பிடத்தை அறிந்துகொள்ளவா என்பது கொளல்வினா. இலவசப் பரிசொன்று வேண்டுமா என்பது கொடைவினாவின் வேடமணிந்து வரும் கொளல்வினா. இன்னும் பதிவு செய்யவில்லையா என்பதோ பதிவு செய் என்னும் ஏவலே. பெட்டியை ஆக்குபவர் தாம் கேட்பது இவற்றுள் எது என்பதைத் தமக்குத் தாமே கூறிக்கொள்வாராயின், உலகிலுள்ள பெட்டிகளுள் பெரும்பாலானவை எழாமலே போகும்.

விடையையோ நன்னூலார் எட்டாக வகுத்தார். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வினாவுக்கு நேரே இறுப்பவை. ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பினால் விடையாவன. ‘இதைச் செய்வாயா’ எனக் கேட்கப்பட்டவர் ‘நீயே செய்’ எனலாம், ‘செய்யாதிருப்பேனோ’ எனலாம், ‘உடம்பு நொந்தது’ எனலாம், ‘கை வலிக்கும்’ எனலாம், ‘மற்றையதைச் செய்வேன்’ எனலாம். மனிதர் ஒருவரையொருவர் வினவும்போது விடையின் வெளி இத்துணை விரிவானது. உரையாடற்பெட்டியோ எட்டனுள் நேரையும் மறையையும் மட்டுமே வைத்துக்கொண்டு ஏனைய ஆறனையும் தள்ளிவிடுகின்றது. ஆசிரியை வேண்டியது தள்ளப்பட்ட அவ்வாறனுள் ஒன்றை.

பட்டதாரி இளைஞர் மூன்றாவது பொத்தானை அமைத்தார். ‘பின்னர் முடிவு செய்வேன்’ என்பது அதன் சொல். அதனை அழுத்தினால் நிரப்பிய யாவும் காக்கப்படும். பிள்ளைகளிடமோ அயலவரிடமோ கேட்டறிந்து மறுநாள் வந்து தொடரலாம். வேறொரு பெட்டியில் ‘இதனால் என்ன நடக்கும்?’ என்னும் பொத்தானையும் வைத்தார். அது வினாவுக்கு எதிர்வினா. பெட்டியை மாற்றியமைத்தல் என்றால் நிறத்தையும் மூலைகளின் வளைவையும் மாற்றுதல் என்றே பலர் கருதுவர். உண்மையில் மாற்றப்பட வேண்டியது விடைக்குரிய இடமே.

இம்முயற்சியிலே தமிழ்மொழியின் இயல்பு காரணமாக எழுந்த சிக்கல்களும் நோக்கற்பாலன. ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட செயலிகளில், வாக்கியத்தின் நடுவே ஒரு வெற்றிடத்தை விட்டு, அங்கே வேண்டிய பெயரை இட்டு நிரப்புவது வழக்கம். ஆங்கிலப் பெயர்ச்சொல் அவ்விடத்திலே மாற்றமின்றி நிற்கும். தமிழிலோ வேற்றுமை உருபு ஏற்கும்போது பெயரே உருமாறுகின்றது. விண்ணப்பம் என்பது விண்ணப்பத்தை எனவும், பற்றுச்சீட்டு என்பது பற்றுச்சீட்டை எனவும், கிணறு என்பது கிணற்றை எனவும் திரியும். இத்திரிபை அறியாத செயலி ‘விண்ணப்பம்ஐ நீக்கவா’ எனக் கேட்டு நகைப்புக்கு இடமாகின்றது. இளைஞர் வாக்கியத்தின் அமைப்பையே மாற்றினார். ‘நீக்கப்படவிருப்பது: விண்ணப்பம்’ என எழுவாய் நிலையிலே பெயரை நிறுத்தியபோது சிக்கல் தீர்ந்தது.

மற்றொரு சிக்கல் நுட்பமானது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் வருவது. மறுப்பும் அதனோடு சேர்ந்தே வருவது. சிறிய திரையிலே இடம் போதாமையால் வாக்கியத்தின் கடைசிப் பகுதி மூன்று புள்ளிகளாகச் சுருக்கப்படுமாயின், ‘கட்டணம் அறவிடப்படமாட்டாது’ என்பது ‘கட்டணம் அறவிடப்பட…’ என நின்றுவிடும். அறவிடப்படுமா, படமாட்டாதா என்பதைத் தீர்மானிக்கும் சொல்லே மறைந்துபோகின்றது. ஆகவே தமிழுக்கென அமையும் பெட்டி எழுத்தைச் சுருக்காது, தான் விரிந்து இடங்கொடுக்க வேண்டும்.

பொத்தான்மேல் எழுதப்படும் சொல்லும் எளிய விடயமன்று. 1983ஆம் ஆண்டு வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் லீசா கணினி உருவாகிக்கொண்டிருந்த காலத்திலே, ‘செய்’ எனப் பொருள்படும் இரு ஆங்கிலச் சொற்கள் பொத்தானில் எழுதப்பட்டிருந்தன. சோதனைக்கு வந்த ஒருவர் அவற்றை ஒரே சொல்லாகச் சேர்த்து வாசித்து, கணினி தம்மை மூடன் என்று திட்டுவதாக எண்ணிச் சினங்கொண்டார். அதன் பின்னரே இன்று உலகெங்கும் வழங்கும் ‘ஓகே’ அங்கு இடம்பெற்றது. அதனைத் தமிழில் ‘சரி’ என்பர். ஆயினும் ‘விண்ணப்பத்தை இரத்துச் செய்யவா?’ என்னும் வினாவின் கீழ் ‘சரி’, ‘இரத்து’ என இரு பொத்தான்கள் நிற்குமாயின், இரண்டும் ஒன்றையே சொல்வது போலத் தோன்றும். ‘விண்ணப்பத்தை நீக்கு’, ‘அப்படியே வைத்திரு’ எனச் செயலையே பொத்தானின் சொல்லாக்குவது மயக்கத்தைப் போக்கும். உடன்பாட்டைக் குறிக்க ஆசிரியை ‘ஓம்’ என்பதையே விரும்பினார். யாழ்ப்பாணத்தவர்க்கு அது நாளாந்தச் சொல். தமிழகத்து வாசகர்க்கோ அது பிரணவம். ஆதலின் இலங்கைத் தமிழுக்கு ஒன்றும் இந்தியத் தமிழுக்கு மற்றொன்றுமாகச் சொற்கோவையை வேறுவேறாக வைத்துக்கொள்ளும் வசதி தேவையாகின்றது. மொழிக்குறியீடுகளில் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் முறை ஏற்கனவே உண்டு, பயன்படுத்துவோரே அரிது.

தாமாகவே பெட்டி அமைக்க முற்படுவோர் எதிர்கொள்ளும் பொறுப்புகளும் பல. விசைப்பலகையை மட்டும் பயன்படுத்துபவரின் கவனம் பெட்டிக்குள்ளேயே நிற்க வேண்டும். விடுபடு விசையை அழுத்தினால் பெட்டி மூட வேண்டும். மூடியதும் கவனம் முன்னிருந்த இடத்துக்கே மீள வேண்டும். பார்வையற்றோர்க்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் பெட்டி எழுந்ததை அறிவிக்க வேண்டும். பெட்டியின் மொழி தமிழ் என்பதும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அன்றேல் தமிழெழுத்தை ஆங்கிலக் குரல் வாசிக்க முற்பட்டுத் தடுமாறும். இவற்றுட் பலவற்றை உலாவியே கவனித்துக்கொள்ளும் வகையில் உரையாடற்பெட்டிக்கெனத் தனிக்கூறு ஒன்று வலைமொழியிலே சேர்க்கப்பட்டது. குறோம் உலாவி அதனை 2014ஆம் ஆண்டு ஏற்றது. பயர்பொக்ஸும் சபாரியும் 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே ஏற்றன. இதனால், தோற்றமும் சொல்லும் ஆக்குபவரின் கையிலும், அடிப்படை ஒழுங்கு உலாவியின் கையிலுமாக ஒரு சமநிலை ஏற்பட்டது.

இச்சமநிலை தேவைப்பட்டமைக்குக் காரணம் உண்டு. பெட்டியின் மீது முழுச் சுதந்திரம் வழங்கப்பட்ட காலங்களில் அது வஞ்சகத்துக்கும் பயன்பட்டது. 1990களின் பிற்பகுதியிலே றைப்பொட் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ஈதன் சுக்கர்மன், விளம்பரதாரர் ஒருவர் தம் விளம்பரம் ஒவ்வாத பக்கமொன்றில் தோன்றியது குறித்து வருந்தியமையால், விளம்பரத்தைத் தனிச்சாளரமாக எழச்செய்யும் நிரலை எழுதினார். அதன் விளைவை உலகம் அறியும். 2014ஆம் ஆண்டு அவர் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். பக்கத்தை விட்டு நீங்கும்போது எழும் பெட்டியிலே முன்னர் ஆக்குபவர் தாம் விரும்பியதை எழுத முடிந்தது. மோசடிக்காரர் அதனைக் கொண்டு மக்களை அச்சுறுத்தி மறித்தமையால், 2016ஆம் ஆண்டு குறோம் அவ்வுரிமையைப் பறித்தது. புத்தூர் ஆசிரியையை மறித்த பெட்டி தமிழில் பேசாமைக்கு இதுவும் ஒரு காரணம். உலாவி ஆங்கிலத்தில் இருக்கும்வரை அப்பெட்டியும் ஆங்கிலத்திலேயே இருக்கும். எங்கோ ஒருவன் செய்த வஞ்சகத்துக்கான தண்டத்தை வேறெங்கோ ஒரு மூதாட்டி செலுத்தினார்.

ஒப்புதல் கேட்கும் பெட்டிகள் இன்று சட்டத்தின் பார்வைக்கும் உட்பட்டுள்ளன. முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டம் ஒப்புதலாகாது என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. ஏற்பது எளிதாகவும் மறுப்பது கடினமாகவும் பெட்டி அமைத்தமைக்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையகம் கூகிளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்ததாக 2022ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. இலங்கையிலும் அதே ஆண்டு தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. எனினும் விளங்காத மொழியில் பெறப்படும் ‘ஓம்’ எத்துணைப் பெறுமதியுடையது என்னும் வினா, இந்நாட்டில் வேறெந்நாட்டையும் விடப் பழையது. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின்னர், தாம் வாசிக்க முடியாத படிவங்களிலே கையொப்பமிட்ட தமிழர் பலர். 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தினால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. சட்டப் புத்தகத்திலே கிடைத்த அவ்வுரிமை, ஒரு விரலகலப் பொத்தான்வரை வந்து சேராவிடின் அது நிறைவு பெற்றதாகாது.

எனினும், பெட்டிகளைத் தமிழாக்கிவிட்டால் யாவும் நிறைவேறிவிடும் என்பதற்கில்லை. புத்தூரை அடுத்த நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றை யாவரும் அறிவர். இராமன் அம்பெய்து உண்டாக்கியது என்பது கர்ணபரம்பரை. மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் கொண்டது அது. குடாநாட்டின் சுண்ணக்கற் பாறைகளிலே நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதாகலின், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும் என்பதைத் தோட்டக்காரர் பட்டறிந்துள்ளனர். மனிதரின் கவனமும் இத்தன்மையதே. ஓயாது பெட்டிகளை எழுப்பி அதனை இறைத்தால், வாசிக்காமலே அழுத்தும் பழக்கம் மேலெழும். அதன்பின் உயிர்போகும் செய்தியைப் பெட்டி தாங்கி வந்தாலும் வாசிப்பார் இலர்.

இதனை உணர்ந்த இளைஞர் பெட்டிகளின் தொகையைக் குறைத்தார். சிறு பிழைகளுக்கு முன்னெச்சரிக்கை விடுப்பதை நிறுத்தி, செய்த பின் மீளப்பெறும் வழியைத் திறந்தார். நீக்கிய பதிவு உடனே அழியாது. சில நாட்கள் ஒதுக்கிடத்தில் இருக்கும். விரும்பினால் திரும்பப் பெறலாம். பணம் கைமாறும் இடத்திலும், ஒருவரின் விவரம் மற்றொருவருக்குச் செல்லும் இடத்திலும், மீளப்பெற இயலாத செயல்களிலும் மட்டுமே பெட்டி எழும். அங்கும் மறுக்கும் பொத்தான் ஏற்கும் பொத்தானின் அளவினதாகவே அமைந்தது. ஆசிரியை மீண்டும் பார்த்தார். இரண்டு சொற்களைத் திருத்தினார். ஒரு ஒற்றைச் சேர்த்தார். தம் பெயரிலே முதலாவது கடன் விண்ணப்பத்தை நிரப்பி, ‘பின்னர் முடிவு செய்வேன்’ என்பதை அழுத்திவிட்டு எழுந்து சென்றார். அக்கடன் அவருக்குத் தேவைப்படவில்லை என்பதை மறுவாரமே கூறினார்.

வினவும் உரிமை இயந்திரத்திடம் சென்றுவிட்ட காலம் இது. எதனைக் கேட்பது, எந்தச் சொல்லாற் கேட்பது, எத்தனை விடைகளுக்கு இடம் விடுவது என்பவற்றைத் தீர்மானிப்பவர் நிரல் எழுதுபவர். அவர்களுட் பலர் இன்று பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களில் இருக்கின்றனர். தமிழ் கற்போர் நன்னூலின் வினாவிடைச் சூத்திரங்களைப் பரீட்சைக்கென மனனம் செய்கின்றனர். கணினி கற்போர் பெட்டியின் நிரலைச் செய்முறைக்கென எழுதுகின்றனர். இரு சாராரும் ஒரே மேசையில் அமர்ந்து, அடுத்த பெட்டியின் இரண்டு வரிகளையும் மூன்று பொத்தான்களையும் சேர்ந்து எழுதுவார்களாயின், அது தமிழுக்கும் கணினிக்கும் ஒருங்கே ஆற்றும் பணியாகும்.